மைனஸ் ஏழில் பாதி

எலுமிச்சைச் சாதத்தின் கடைசி வாய் உள்ளே இறங்குவதற்குள் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் கொஞ்சம் ஜெராக்ஸ் தாள்கள். உள்ளே வரலாமா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. வா என்று தலையை ஆட்டினேன்.

நிவேதா. மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ். என் லேபில் ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். அதிகம் பேசமாட்டாள். நான் எதைச் சொன்னாலும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுவாள். எனக்கு அது பிடிக்கும், சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

அவள் கொண்டுவந்தது அவளுடைய விடைத்தாளின் நகல். எங்கள் கல்லூரியில் மறுமதிப்பீடு கேட்க வேண்டுமானால் முதலில் விடைத்தாளின் நகலை வாங்க வேண்டும். அதை ஓர் ஆசிரியர் படித்துப் பார்த்து, மறுபடி திருத்தலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் இளகிய மனசுக்காரர்களாகப் பார்த்துத்தான் இதற்குப் போவார்கள். என்னிடம் வருவது அபூர்வம்.

அவள் ஒரு இரண்டு மார்க் கேள்வியின் மேல் விரலை வைத்தாள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் -7 // 2 என்று கொடுத்தால் என்ன விடை வரும் என்பது கேள்வி. -4 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம்.

"இதுல என்ன தப்பு மேம்?"

ஒரு தப்பும் இல்லை என்றேன். டிபன் பாக்ஸை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"ஆனா புக்ல மைனஸ் மூணுன்னு இருக்கு மேம். கீயிலயும் அதான் இருக்காம்."

கீ என்றால் விடைக்குறிப்பு. திருத்துகிறவர் கையில் அது இருக்கும். அதில் இருப்பதற்கு மார்க், இல்லாததற்கு முட்டை. அவளுக்குத் தேர்ச்சிக்குக் குறைந்தது சரியாக அந்த இரண்டு மார்க்தான்.

மானிட்டருக்கு அடியில்

போன வாரம் கல்லூரிப் பேருந்தில் ஜன்னல் சீட்டுக்காக நடந்த போரை எழுதியிருந்தேன். அதே பேருந்து இந்த வாரமும் வரும். சண்டை மட்டும் வேறு.

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் வழியில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் பெயரை நான் சொல்வதில்லை என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே பைத்தான் பாடத்துக்கு ஒரே ஒரு புத்தகம்தான். அதைக் கையேடு என்பார்கள். எழுதியவர் எங்கள் துறைத்தலைவர் தணிகாசலம் சார்.

வெளியீட்டு விழாவில் சாருக்குப் பொன்னாடை, மாலை, கேசரி எல்லாம் உண்டு. எங்களுக்கு ஆளுக்கு ஒரு பிரதி, சாரின் கையெழுத்தோடு. என் பிரதி அன்று முதல் என் மானிட்டருக்கு அடியில் இருந்தது. மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கழுத்துவலி, புத்தகம் சரியான கனத்தில் இருந்தது. நான் எடுத்தது லேப் மட்டும்தான். அங்கே புத்தகத்தைப் பார்த்து அடிக்காதே, அடித்துப் பார்த்துப் படி என்பதுதான் என் பாட்டு.

நிவேதா போனதும் மானிட்டரைத் தூக்கி அந்தப் புத்தகத்தை உருவினேன். மானிட்டர் பழைய உயரத்துக்கு இறங்கியது. வகுத்தல் பற்றிய பக்கத்தைத் திருப்பினால், நல்ல கொட்டை எழுத்தில், கட்டம் போட்டு, -3.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் கையெழுத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். மறுபடி திருத்துகிறவர் கையிலும் அதே கீதான் இருக்கும். கீ புத்தகத்தைப் பார்த்து எழுதியது. புத்தகம் சாருடையது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கல்லூரியில் ஏட்டுச் சுரைக்காயைத்தான் எல்லோரும் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தோம்.

நிவேதா அன்று போகும்போது இன்னொன்றும் சொன்னாள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனி, அரியர் வைத்திருப்பவர்களை உள்ளே விடாது. "வேலை வரலைன்னா மாமா பையனுக்கு முடிச்சிடலாம்னு வீட்ல பேசிட்டாங்க மேம்," என்றாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வியாதி

பிழை கண்டுபிடிப்பது எனக்கு வியாதி. என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். ரவை பாக்கெட்டின் முதுகில் உப்புமா செய்முறை போட்டிருந்தது. அதில் உப்பே இல்லை. பொருட்களின் பெயரில் உப்பு இருக்கிறது, செய்முறையில் எந்த இடத்திலும் போடச் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதிலாக இரண்டு பாக்கெட் ரவை வந்தது. அதே முதுகு, அதே உப்பில்லாத உப்புமா.

நான் மாணவியாக இருந்தபோது நடந்தது இன்னும் மோசம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸிக்கும் புறாக்கூண்டுக்கும் நடுவில், சி மொழிக்கான வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை கிடையாது, மேலே கோழித்தீவன வாசனை. படித்தபோது ஓர் இடம் உதைத்தது. அதை எழுதியவருக்கே கடிதம் போட்டேன். கடல் தாண்டி ஒரு தப்பைப் பிடித்துவிட்ட பெருமை.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. மிக்க நன்றி, நீங்கள் சொல்வது சரி, அந்தப் பிழையை முந்தைய பதிப்பிலேயே திருத்திவிட்டோம், உங்களிடம் இருப்பது மிகப் பழைய பதிப்பு என்று தோன்றுகிறது. அத்தனை மரியாதையாக ஒருவர் என்னை அதற்கு முன்னும் பின்னும் மட்டம் தட்டியதில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை ஊர் முழுக்கக் காட்டினேன்.

அந்தக் கடிதம் ஒன்று கற்றுக்கொடுத்தது. தப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

லிஃப்ட் எங்கே நிற்கும்

இதைப் படிக்கிற எல்லோரும் கம்ப்யூட்டர் படித்தவர்களாக இருக்கமாட்டார்கள். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மைனஸ் ஏழை இரண்டால் வகுத்தால் மைனஸ் மூன்றரை. நமக்கு முழு எண் வேண்டும். தரைக்குக் கீழே நான்கு தளம் பார்க்கிங் உள்ள கட்டடத்தில், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்தத் தளத்தில் நிறுத்துவது? தரைக்குப் பக்கமாக, மேலே ஏற்றி மூன்றில் நிறுத்து என்பது சி மொழியின் வழக்கம். எப்போதும் கீழே இறக்கு, நான்கில் நிறுத்து என்பது பைத்தானின் வழக்கம். இரண்டும் அதனதன் வீட்டு வழக்கம். ஒரு வீட்டு வழக்கத்தை இன்னொரு வீட்டில் எழுதினால்தான் தப்பு.

சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் மடியில் லேப்டாப்பும் அதன்மேல் புத்தகமுமாக உட்கார்ந்து ஒவ்வொரு உதாரணமாக அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் மேத்ஸ் மேடம், வீட்டுக்குப் போகும்போதும் வேலையா என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். ஒரு வாரம் இப்படிப் போனது. பிழைகள் வந்துகொண்டே இருந்தன. மீதி காணும் இடத்தில் ஒன்று. தசம எண்ணை முழுசாக்கும் இடத்தில் ஒன்று. எழுத்தோடு எண்ணைக் கூட்டும் இடத்தில் ஒன்று.

முதலில் எனக்குக் கோபம்தான். இந்த மனுஷன் எதையும் கம்ப்யூட்டரில் ஓட்டியே பார்க்கவில்லையா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வண்டலூர் பக்கம் நெரிசலில் பேருந்து நின்றபோதுதான் அது உறைத்தது. தப்பாக இருந்த அத்தனை விடைகளும் சி மொழியில் சரி. ஒன்றுகூட விலகவில்லை. என் மடியில் இருந்தது சட்டையை மாற்றிக்கொண்டு வந்த சி புத்தகம்.

முடிச்சூர் வீடு

பூனைக்கு மணி கட்டுவதைத் துறையில் வைத்துச் செய்ய முடியாது. அங்கே சாரின் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், வெளியே பத்துக் காதுகள் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் முடிச்சூர் போனேன். அவர் உள்ளே வரவில்லை. ஸ்கூட்டர் டயரில் காற்று குறைவு என்று சொல்லிக் கழன்றுகொண்டார். டயரில் எந்தக் குறையும் இல்லை.

சார் முடிச்சூர்க்காரர். அவருடைய குடும்பத்து நெல் வயல்தான் இப்போது பிளாட்டுகளாக நிற்கிறது. அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர் பட்டம் அவருடையது. கல்லூரியில் பாதி ஆங்கிலத்தில் பேசுகிறவர், வீட்டில் லுங்கியும் பனியனுமாக வேறு ஆளாக இருந்தார். பேச்சும் மாறிவிட்டது. அவர் மனைவி, வாங்கக்கா என்று மோர் கொண்டுவந்து வைத்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. பிழைகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினேன். சார் முதல் இரண்டுக்கும் வெர்ஷன் வேறாக இருக்கும் என்றார். மூன்றாவதைக் காட்டினேன். சார் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார், மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு புத்தகம். பக்கங்கள் உப்பிப்போய், மூட முடியாமல் விசிறிபோல விரிந்து நின்றது. சார் முன்பு எழுதிய சி புத்தகம். அச்சடித்த கட்டுகளை எல்லாம் இதே வீட்டின் கீழ்த்தளத்தில் அடுக்கி வைத்திருந்தாராம். வெள்ளம் வந்த வருஷம் பரண்வரை தண்ணீர். குடும்பத்தை மாடிக்கு ஏற்றி, சர்டிபிகேட்டுகளை ஏற்றி, புத்தகத்துக்குத் திரும்பி வருவதற்குள் படிக்கட்டு முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு டிராக்டர் வைத்து அள்ளிப் போட்டார்கள்.

"பத்து வருசம் எழுதினது மேடம். இது ஒண்ணுதான் மிச்சம் கீது. இதுல ஒரு தப்பு காட்டுங்க பாக்கலாம்."

வாங்கிப் பார்த்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, சேற்று வாசனை இன்னும் போகவில்லை. வகுத்தல் பக்கம் அதிர்ஷ்டவசமாகப் பிரிந்து வந்தது. -3. கட்டம் போட்டு, அதே கொட்டை எழுத்தில்.

"எல்லாம் சரியா இருக்கு சார்," என்றேன். "இதுல சரியா இருக்கறதாலதான் அதுல தப்பு."

சார் புரிந்துகொண்டார். படித்தவர், அதற்கு நேரமாகவில்லை. கல்லூரி பைத்தானுக்கு மாறியபோது ஒரே கோடை விடுமுறையில் புதிய புத்தகம் கேட்டார்கள். அவருக்கு மனப்பாடமாக இருந்த புத்தகத்தை எடுத்து, மொழியை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார். ஓட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை என்றார். இருபது வருஷமாகத் தெரிந்த விடையை யார் ஓட்டிப் பார்ப்பார்கள்? திட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்த எனக்கு அப்போது அவரைத் திட்டத் தோன்றவில்லை. பாவமாக இருந்தது.

ஒருத்திக்கும் மற்றவர்களுக்கும்

நிவேதாவின் விஷயத்தைச் சொன்னேன். கீயைத் திருத்தினால் அவள் பிழைத்துக்கொள்வாள், நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றேன். சார் நீண்ட நேரம் அந்த உப்பிய புத்தகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. கீயை மைனஸ் நான்கு என்று மாற்றினால், புத்தகத்தைப் படித்து மைனஸ் மூன்று என்று எழுதிய பிள்ளைகளுக்கு இரண்டு மார்க் போகும். அதில் விளிம்பில் நிற்கிறவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கும் அதே கம்பெனிதான், அதே அரியர்தான்.

எனக்கு நிவேதா மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தாள். மற்றவர்கள் படவில்லை.

"ரெண்டுக்கும் மார்க் போடச் சொல்லி எழுதித் தரேன்," என்றார் சார். "உங்க பொண்ணு பாஸ் ஆவட்டும். என் புக்கை நம்பினவனும் ஃபெயில் ஆவக் கூடாது. தப்பு என்னுது, அவன் ஏன் பேஜார் படணும்?"

கம்ப்யூட்டர் ஒரே ஒரு விடைதான் தரும் சார், மூன்றும் சரி நான்கும் சரி என்று எப்படிச் சொல்வது என்று வாதாடினேன். கம்ப்யூட்டருக்கு அரியர் கிடையாது மேடம் என்றார். 

கடிதத்தை அங்கேயே, தேர்வு அலுவலகத்துக்குத் தன் கையால் எழுதினார். எனது நூலில் உள்ள பிழையால் என்று ஆரம்பித்தார். எனது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு நிற்கவில்லை. அந்தக் கல்லூரியில் நான் இருந்த காலத்தில் ஒரு துறைத்தலைவர் அப்படி எழுதி நான் பார்த்தது அந்த ஒரு கடிதம்தான்.

தப்பில்லை என்றால்

திருத்திய முடிவு வந்தது. நிவேதா தேறிவிட்டாள். கம்பெனியின் பட்டியலில் பெயர் ஏறியது. வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனியில் கிடைக்கவில்லை, அடுத்து வந்ததில் கிடைத்தது. மாமா பையன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார், நன்றாக இருக்கிறார்.

ஆனால் முடிவு வந்த அன்று அவள் ஸ்வீட் எதுவும் கொண்டுவரவில்லை. அதே வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு அலைந்திருக்கிறேன், ஒரு தேங்க்ஸ் வராதா என்று.

"மைனஸ் மூணுன்னு எழுதினவங்களுக்கும் மார்க் வந்திருக்கு மேம்."

ஆமாம், ஏன் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவர்கள் தேறியதில் அவளுக்கு வருத்தமில்லை. அவளுடைய நெருங்கிய தோழியே அதில் ஒருத்தி.

"அது ஓகே மேம். ஆனா நான் எழுதினது சரின்னு இன்னும் யாருமே சொல்லலையே. தப்பில்லைன்னுதான சொல்லியிருக்காங்க."

என்னிடம் வந்த முதல் நாளே சரி என்று நான் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், தப்பு இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதுவும் எலுமிச்சைச் சாத வாயோடு.

இதை அப்படியே போய் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பைலை மூடிவிட்டு, புத்தகம் இன்னும் மாடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, பிழைதிருத்தம் அச்சடித்து ஒட்டிவிடலாமா என்று கேட்டார்.

பசையும் கத்தரியும்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் துறையே முடிச்சூர் மாடியில் உட்கார்ந்தது. வெள்ளத்துக்குப் பிறகு சார் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கீழ்த்தளத்தில் வைப்பதில்லை. சாரின் மனைவி மைதா மாவில் பசை காய்ச்சிக் குண்டானோடு கொண்டுவந்து வைத்தார். ஒருவர் கத்தரிக்க, ஒருவர் தடவ, ஒருவர் ஒட்ட, வேலை நடந்தது. மின்விசிறியைப் போட்டால் சீட்டுகள் பறக்கும் என்று போடவில்லை. மேத்ஸ் மேடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பிரியாணி உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். அவர்தான் அதிகம் ஒட்டினார்.

அச்சுக்குப் போகுமுன் சீட்டின் நகலை சார் என்னிடம் கொடுத்து, ஓட்டிப் பாருங்க மேடம் என்று சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் இரண்டு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியில், -3 என்பது தவறு, -4 என்பதே சரி என்றிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: சுட்டியவர், நிவேதா, மூன்றாம் ஆண்டு. அந்த வரியை நான் கேட்கவில்லை. சாரே சேர்த்திருந்தார். மற்ற பிழைகளின் கீழே என் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை லேபில் ஒரு சீட்டை நிவேதாவிடம் கொடுத்தேன். பசை படாத, புத்தம் புதிய சீட்டு. இந்த முறை தேங்க்ஸ் வரும் என்று ஒரு நப்பாசை.

முதல் வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். காது மடல்வரை சிவந்துபோனாள். அடுத்து இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"மேம், ரெண்டரையை முழுசாக்கினா ரெண்டுன்னு போட்டிருக்கு. மூணுதானே வரணும்?"

மூன்றாவது என்னுடைய வரி. சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது பைத்தானின் வழக்கம், ரெண்டுதான் வரும், நான் ஓட்டிப் பார்த்தாயிற்று என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்து கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

இரண்டு கம்ப்யூட்டரில் பார்த்த விடை அது. அச்சிலும் ஏறி, பாதிப் பிரதிகளில் ஒட்டியும் ஆகிவிட்டது. இருந்தும் அவள் அடித்து முடித்து என்டர் தட்டும்வரை அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன்.

திரையைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டுதான் மேம். சரியா எழுதியிருக்கீங்க."